தள்ளி வைக்காத புள்ளி

எங்கள் வேலையில் ஒரு வழக்கம் உண்டு. கள ஆய்வில் சந்தித்தவர்களின் இடங்களை வரைபடத்தில் காட்டும்போது அவர்கள் இருக்கும் இடத்திலேயே புள்ளி வைக்கக் கூடாது. கொஞ்சம் தள்ளி வைக்க வேண்டும். வடக்கே இரண்டு தெரு, இல்லையென்றால் கிழக்கே மூன்று தெரு. எந்தப் பக்கம், எவ்வளவு தூரம் என்பதைக் கணினி தன் போக்கில் முடிவு செய்யும். பார்ப்பவருக்கு இந்தப் பகுதியில் இப்படிப்பட்ட பட்டறைகள் இருக்கின்றன என்று தெரியும். எந்தக் கதவைத் தட்ட வேண்டும் என்று தெரியாது. ஆய்வுக்குச் சேர்ந்த முதல் வருடமே இதைக் கற்றுக்கொண்டேன். எனக்குப் பின்னால் வந்தவர்களுக்கு நானே சொல்லியும் கொடுத்தேன்.

ஒரு முறை தள்ளி வைக்காமல் விட்டுவிட்டேன்.

அதைச் சொல்வதற்கு முன் என் வேலையைப் பற்றிச் சொல்லிவிட வேண்டும். ஒரு ஊரில், ஒரு வட்டாரத்தில், புதிய வழிமுறைகள் எப்படிப் பிறக்கின்றன, அவற்றில் எவை சுற்றுச்சூழலுக்குக் கேடில்லாத தொழிலாக வளர்கின்றன என்று பார்ப்பதுதான் என் ஆராய்ச்சி. வட்டாரப் புத்தாக்கம், பசுமைப் பொருளாதாரம் என்று தமிழில் எழுதலாம். எந்த மொழியில் சொன்னாலும் கேட்பவர்களுக்குப் புரிவதில்லை. காக்ஸ் டவுனில் எங்கள் வீட்டுக்குப் பக்கத்து சர்ச்சில் ஒரு ஆன்ட்டி, "க்ரீன்னா என்னம்மா, நர்சரி வெச்சிருக்கியா? எனக்கு ரெண்டு ரோஜாச் செடி வேணும்" என்று கேட்டார். அடுத்த வாரமும் கேட்டார். மூன்றாவது வாரம் நான் கடையில் இரண்டு செடி வாங்கிக் கொடுத்துவிட்டேன். விளக்கிச் சொல்வதைவிட அது சுலபமாக இருந்தது.

பெங்களூரில் புத்தாக்கம் என்றால் எல்லோரும் கண்ணாடிக் கட்டடங்களைத்தான் நினைப்பார்கள். நான் அவற்றுக்கு வெளியே தேடினேன். பழைய பொருள்களைப் பிரித்து, திருத்தி, மறுபடி ஓட வைக்கிற சின்னப் பட்டறைகள்தான் என் ஆய்வின் களம். அப்படித் தேடிப் போனபோதுதான் ஈஜிபுராவில் அந்த அக்காவைச் சந்தித்தேன். ஈஜிபுரா என்று சொல்வதில் தவறில்லை, அவ்வளவு வீடுகள் நெருங்கிக் கிடக்கும் இடம் அது. தெருவைச் சொல்ல மாட்டேன். இப்போது சொன்னாலும் ஒன்றுமில்லை, அங்கே அந்த ஷெட் இல்லை. ஆனாலும் சொல்ல மாட்டேன்.

முதல் முறை போனபோது நான் ஏழு மாதக் கர்ப்பிணி. அக்காவுக்கு நாற்பது வயது இருக்கும். வீட்டை ஒட்டித் தகரம் போட்ட ஒரு ஷெட். அவர் கணவர் ஆட்டோ ஓட்டுகிறவர். ரிப்பேர் கடைகளிலிருந்தும் அலுவலகங்களிலிருந்தும் செத்துப்போன லேப்டாப் பேட்டரிகளை ஆட்டோவில் போட்டுக்கொண்டு வருவார். அக்கா அவற்றை உடைத்து உள்ளே இருக்கும் செல்களை எடுப்பார். நல்லவற்றைத் தனியாகச் சேர்த்து, புதிய பேட்டரியாகக் கட்டி, காய்கறி வண்டிக்காரர்களுக்கும் சாட் கடைக்காரர்களுக்கும் விளக்கு எரிப்பதற்குக் கொடுப்பார். ஒன்பதாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவர். மின் அளக்கும் மீட்டரைக் கையில் எடுத்தால் எங்கள் ஆராய்ச்சி நிறுவனத்தின் எந்தப் பொறியாளரையும்விட வேகம்.

"லேப்டாப் பேட்டரி செத்துப்போச்சுன்னு தூக்கிப் போட்டுட்றாங்க இல்ல," என்றார், நான் உட்கார ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைத் துடைத்துப் போட்டபடி. "உள்ள ஆறு செல் இருக்குது. ஆறுமா செத்துடுச்சு? ரெண்டு செத்திருக்கும். மீதி நாலு முழிச்சிட்டுதான் இருக்கும். ஒருத்தன் குடிக்கிறான்னு குடும்பத்தையே தெருவுல தள்ற மாதிரி."

அவர் கணவர் வாசலில் ஆட்டோவைத் துடைத்துக்கொண்டிருந்தார். "யாரைச் சொல்றே?" என்றார்.

"பொதுவா சொல்றேன். உனக்கு இன்னா வந்துச்சு?"

எந்தச் செல் நல்லது என்று கண்டுபிடிக்க அவர் வைத்திருந்த முறைதான் என்னைக் கட்டிப்போட்டது. மற்றப் பட்டறைகளில் மீட்டர் வைத்துப் பார்ப்பார்கள், எண் சரியாக இருந்தால் எடுத்துக்கொள்வார்கள். அந்தப் பேட்டரி சில வாரங்களிலேயே படுத்துவிடும். அக்கா செல்லை முழுதாகச் சார்ஜ் செய்து, முட்டைக் கடையில் கேட்டு வாங்கி வந்த அட்டைத் தட்டுகளில், குழிக்கு ஒன்றாக நிறுத்தி, தேதி எழுதி, ஏழு நாள் தொடாமல் வைத்துவிடுவார். ஏழாம் நாள் அளப்பார். இறங்கியவற்றைத் தள்ளிவிடுவார். இறங்காதவற்றிலும் ஒரே அளவு நிற்பவற்றை மட்டும்தான் ஒன்றாகச் சேர்த்துக் கட்டுவார். இதை யாரும் அவருக்குச் சொல்லிக்கொடுக்கவில்லை. கெட்டுப்போய்த் திரும்பி வந்த பேட்டரிகளைத் திறந்து திறந்து பார்த்து அவராகக் கண்டுபிடித்தது.

"பேசறப்ப எல்லாம் ஜோரா பேசும். ஒரு வாரம் தனியா வுட்டுப் பாரு, அப்பதான் யாரு பொய்க்காரன்னு தெரியும்," என்றார்.

நான் அவரை நான்கைந்து முறை சந்தித்தேன். குழந்தை பிறந்த பிறகும் போனேன். அப்போது என் மகளுக்கு ஐந்து மாதம். ஆறு மாதம் ஆகாமல் க்ரெஷில் சேர்க்க மாட்டோம் என்று சொல்லிவிட்டார்கள். ஆய்வுக்கோ கெடு நெருங்கிக்கொண்டிருந்தது. குழந்தையை ஒரு துணியில் கட்டிக்கொண்டு ஆட்டோவில் போனேன். போகிற வழியெல்லாம், இந்தப் புகையில் இவளைக் கொண்டுபோகலாமா, கொண்டுபோகாவிட்டால் யாரிடம் விடுவது, வேலையை விட்டுவிடலாமா, விட்டால் பிறகு கிடைக்குமா என்று நான்கு பக்கமும் யோசித்தேன். நான் எதையும் ஒரு முறை மட்டும் யோசிக்கிறவள் இல்லை.

அக்கா குழந்தையைப் பார்த்ததும் கையைச் சோப்புப் போட்டு இரண்டு முறை கழுவிக்கொண்டு வந்து வாங்கிக்கொண்டார். "இங்க கொடும்மா, நீ எழுது. சொல்ப நேரம் நான் வெச்சிக்கிறேன்." ஷெட்டுக்குள்ளேயே ஒரு மூலையில் பழைய போர்வையை மடித்துப் போட்டுப் படுக்க வைத்தார். என் மகள் அங்கே ஒரு மணி நேரம் தூங்கினாள். வீட்டில் அவள் அப்படித் தூங்கியதே இல்லை.

அன்றைக்குத்தான், சொல்லியிருக்கக் கூடாத ஒரு வார்த்தையையும் சொன்னேன். அக்கா கேட்டார்: "இதெல்லாம் எழுதி இன்னாம்மா பண்ணுவே?"

"பேப்பரா வரும்க்கா. பெரிய ஆளுங்க படிப்பாங்க. கவர்ன்மென்ட்ல இருக்கிறவங்களும் படிப்பாங்க. இந்த மாதிரி வேலை செய்றவங்களுக்கு ஏதாவது ஸ்கீம் வரலாம்."

"நம்மளத் தேடி வருவாங்களா?"

"வரலாம்," என்றேன்.

கள ஆய்வுக்குப் போகிறவர்கள் எதையும் வாக்குக் கொடுக்கக் கூடாது என்பதும் நான் மற்றவர்களுக்குச் சொல்லிக்கொடுத்த பாடம்தான். 'வரலாம்' என்பது வாக்கு இல்லை என்று அப்போது நினைத்தேன்.

கட்டுரையை எழுதி ஓர் ஆய்விதழுக்கு அனுப்பினேன். பெயர்களை எல்லாம் எடுத்துவிட்டு எழுத்தும் எண்ணும் போட்டேன். அக்காவின் முறையை மூன்று பக்கத்துக்கு விவரித்தேன். என் கட்டுரையிலேயே நல்ல பகுதி அதுதான். இதழிலிருந்து திருத்தங்கள் வந்தன. மதிப்பீட்டாளர் ஒருவர், வரைபடம் மங்கலாக இருக்கிறது, தெருக்கள் தெரியும்படி வேறு வரைபடம் கொடுங்கள் என்று கேட்டிருந்தார். நியாயமான கோரிக்கைதான். என் கணினியில் இரண்டு கோப்புகள் இருந்தன. ஒன்று களத்தில் பதிந்த அசல் இடங்கள். இன்னொன்று புள்ளிகளைத் தள்ளி வைத்தது. பெயரில் கடைசி எழுத்து மட்டும்தான் வேறு. ஒரு செவ்வாய்க்கிழமை காலை, மடியில் குழந்தையும் பக்கத்தில் ஆறிப்போன கஞ்சியுமாக உட்கார்ந்து புதிய வரைபடத்தைச் செய்தேன். அசல் கோப்பைத் திறந்திருக்கிறேன். சரிபார்த்ததாகத்தான் எனக்கு ஞாபகம். இப்போதும் அப்படித்தான் ஞாபகம். அதனால் என் ஞாபகத்தையே நான் நம்புவதில்லை.

ஆனால் இதை வெறும் கைப்பிழை என்று சொல்லி முடித்துவிட முடியாது. அச்சுக்கு முன் சரிபார்க்கச் சொல்லி இதழிலிருந்து அனுப்பியபோது அந்த வரைபடத்தை என் கணவரிடம் காட்டினேன். பெரிதாக்கிக் காட்டினேன். "பாத்தீங்களா, இதுதான் அக்காவோட சந்து. இது வாட்டர் டேங்க். இந்தப் புள்ளிதான் ஷெட்."

"கரெக்டா அங்கயே இருக்குதே," என்றார்.

"ஆமா," என்றேன், பெருமையாக.

அந்த இடத்தில் எனக்கு உறைத்திருக்க வேண்டும். சரியாக அதே இடத்தில் இருக்கக் கூடாது என்பதுதானே எங்கள் வழக்கம். உறைக்கவில்லை. நான் தேடித் தேடிப் போன சந்து அச்சில் தெரிகிறது என்ற சந்தோஷம் மட்டும் இருந்தது.

கட்டுரை வந்ததும் வரைபடத்தை வண்ணத்தில் அச்சடித்து அக்காவிடம் கொண்டுபோய்க் கொடுத்தேன். விரலை வைத்து ஈஜிபுராவைத் தேடினார். "இதுவா நம்ம ஷெட்டு? இவ்ளோ சின்னதா இருக்குது. நிஜத்துல கொஞ்சம் பெருசுதான்," என்று சிரித்தார். கணவரைக் கூப்பிட்டுக் காட்டினார். "இதுல உன் ஆட்டோ எங்க?" என்று அவரைக் கேட்டதற்கு, "அது சாமான் ஏத்தப் போயிருக்குது," என்றார் அவர். மீட்டர் தொங்கும் ஆணிக்குப் பக்கத்தில் அக்கா செலோ டேப் போட்டு வரைபடத்தை ஒட்டினார்.

இரண்டு மாதம் கழித்து அக்காவிடமிருந்து போன் வந்தது.

"நீ அனுப்பிச்ச ஆளுங்க வந்தாங்கம்மா," என்றார்.

நான் யாரையும் அனுப்பவில்லை. அப்படியே சொல்லியிருக்க வேண்டும். யார் வந்தார்கள் என்று கேட்டேன்.

மூன்று பேர் வந்திருக்கிறார்கள், ஏதோ ஒரு அலுவலகத்திலிருந்து. வீடுகளுக்கு நடுவே பேட்டரி வேலை நடக்கும் இடங்களைக் கணக்கெடுக்கிறார்களாம். கையில் போன், போனில் அந்த வரைபடம். சந்து முனையில் யாரிடமும் விசாரிக்கவில்லை. நேராக வந்து நின்றிருக்கிறார்கள். அக்கா போனில் வரைபடத்தைப் பார்த்ததும் ஸ்கீம் வந்துவிட்டது என்று நினைத்துவிட்டார். உட்கார வைத்து டீ கொடுத்தார். கன்னடத்தில் ஒவ்வொன்றாக விளக்கினார். பேட்டரியை எப்படி உடைப்பது, எங்கே வைப்பது, ஒரு நேரத்தில் எத்தனை செல் ஷெட்டில் இருக்கும், எல்லாவற்றையும். அவர்கள் எழுதிக்கொண்டார்கள், படம் எடுத்தார்கள். ஒருவர் ரொம்ப நன்றாகச் செய்கிறீர்கள் என்றுகூடச் சொன்னாராம்.

"அப்புறம் நாலு நாள் கழிச்சு நோட்டீஸ் வந்திருக்குது. கன்னடத்துல. என் வூட்டுக்காரரு படிச்சாரு. குடியிருக்கிற இடத்துல இந்த வேலை செய்யக் கூடாதாம். லைசென்ஸ் இல்லாம பேட்டரி உடைக்கக் கூடாதாம். ஷெட்டுக்கு சீல் வெச்சிட்டாங்க. இருவது நாள்ல வந்து பதில் சொல்லணும்னு போட்டிருக்குது. நீ அவங்ககிட்ட சொல்லும்மா. தப்பா புரிஞ்சிக்கிட்டாங்க போல."

போனை வைத்துவிட்டுக் கணினியைத் திறந்து இரண்டு கோப்புகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். அதற்கு மேல் எனக்குச் சந்தேகம் எதுவும் இருக்கவில்லை.

அன்று மாலை போனேன். அக்கா பயந்திருக்கவில்லை, யோசித்து வைத்திருந்தார். "நீ ஒண்ணு பண்ணு. உங்க ஆபீஸ் பேரு போட்ட பேப்பர்ல ஒரு லெட்டர் கொடு. நாங்க ஒழுங்கா செய்றோம், இத்தனை வருஷமா ஒரு பொட்டுத் தீ பிடிச்சதில்ல, நீங்க வந்து பார்த்திருக்கீங்கன்னு. அது போதும். அதை வெச்சிக்கிட்டு ஆறு மாசம் டைம் கேப்போம். அதுக்குள்ள இண்டஸ்ட்ரியல் ஏரியா பக்கம் ஒரு இடம் பார்த்துப் போயிடுவோம்."

அவ்வளவுதான் அவர் கேட்டது. ஒரு கடிதம், இருபது நாளுக்குள். தொழில் அவர் கையில் நிற்குமா போகுமா என்பது அதில் இருந்தது. தருகிறேன் என்று சொல்லிவிட்டு வந்தேன். வரைபடத்தைப் பற்றிச் சொல்லவில்லை. முதலில் கடிதத்தைக் கொடுத்துவிட்டு அப்புறம் சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்தேன்.

என் வழிகாட்டியான பேராசிரியையிடம் போனேன். என்னை ஆய்வுக்குச் சேர்த்துக்கொண்டவர், பிரசவ விடுப்புக்காக நிர்வாகத்தோடு சண்டை போட்டவர். கெட்டவர் இல்லை. முழுவதையும் கேட்டார். கோப்புகளைப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார்.

"லெட்டர் கொடுத்தா என்ன ஆகும் தெரியுமா? நீங்க எப்படி அங்க போனீங்கன்னு கேப்பாங்க. மேப் எப்படி வந்ததுன்னு கேப்பாங்க. எதிக்ஸ் கமிட்டிக்குப் போகும்."

"போகட்டும் மேடம். தப்பு என்னோடதுதானே."

"அடுத்த மாசம் பர்மனென்ட் போஸ்ட்டுக்கு உங்க இன்டர்வியூ. இந்தப் பேப்பரை வெச்சுத்தான் உங்களைக் கூப்பிட்டிருக்காங்க. ஒரு மாசம் பொறுங்க. அப்புறம் நானே கூட இருந்து மேப்பை மாத்தித் தர்றேன். இப்ப கரெக்‌ஷன் போட்டா, எதுக்கு மாத்தினாங்கன்னு எல்லாரும் பழைய மேப்பைத் தேடிப் பார்ப்பாங்க. மத்த பட்டறைங்களுக்கும் ஆபத்து."

கடைசியில் சொன்னது உண்மையாகவும் இருந்தது. அதுதான் வசதியாகப் போயிற்று. அப்புறம் அவர் கேட்டார்: "அந்த இடம் பாதுகாப்பானதுன்னு உங்களால எழுதிக் கையெழுத்துப் போட முடியுமா? சுத்தி வீடுங்க இருக்கு. நாளைக்கு ஏதாவது ஆனா?"

வீட்டுக்கு வரும் வழியெல்லாம் அதையே யோசித்தேன். லித்தியம் செல்கள், தகரக் கூரை, ஒட்டினாற்போல் வீடுகள், அங்கே விளையாடும் குழந்தைகள். நான் எப்படி எழுதுவது? எழுதினால் நாளைக்கு ஒரு குழந்தைக்கு ஏதாவது ஆனால்? நானும் ஒரு தாய்தானே என்று நினைத்துக்கொண்டேன். அந்த ஷெட்டின் மூலையில் என் ஐந்து மாதக் குழந்தையை நம்பிப் படுக்க வைத்தவள் நான். அன்றைக்கு வராத பயம் கடிதம் எழுத உட்கார்ந்தபோதுதான் வந்தது.

கடிதத்தை எழுதவே இல்லை என்றும் சொல்ல முடியாது. நான்கு முறை எழுதினேன். பாதுகாப்பானது என்று எழுதி அடித்தேன். கவனமாகச் செய்கிறார்கள் என்று எழுதினேன். எங்கள் ஆய்வின்போது விபத்து எதுவும் பதிவாகவில்லை என்று எழுதினேன். கடைசிப் பிரதியில் எதற்கும் யாரையும் பொறுப்பாக்க முடியாத ஒரு பத்தி மட்டும் மிஞ்சியது. அதையும் நிறுவனத்தின் தலைப்புத் தாளில் அச்சடிக்க அனுமதி கேட்டு ஒரு மின்னஞ்சல் எழுதி, அனுப்பாமல் வைத்திருந்தேன்.

அக்கா போன் செய்தபடி இருந்தார். முதல் வாரம் எடுத்தேன். "கேட்டிருக்கேன்க்கா, பெரியவங்க கையெழுத்து வேணும்" என்றேன். இரண்டாம் வாரம், "இன்னும் ரெண்டு நாள்க்கா" என்றேன். அவர் ஒவ்வொரு முறையும் என் மகளை விசாரிப்பார். நிற்கிறாளா, நடக்கிறாளா, சோறு சரியாகச் சாப்பிடுகிறாளா. மூன்றாம் வாரம் ஒரு மத்தியானம் போன் மேசைமேல் அதிர்ந்துகொண்டிருந்தது, நான் பார்த்துக்கொண்டிருந்தேன். பக்கத்தில் கணவர் இருந்தார்.

"எடுக்கலையா?"

"பாப்பா தூங்கறா. எழுந்துடுவா."

குழந்தை எங்கள் இருவருக்கும் நடுவே உட்கார்ந்து ஒரு டப்பா மூடியைக் கடித்துக்கொண்டிருந்தாள். அவர் குழந்தையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். எழுந்து உள்ளே போனார். அன்றைக்கு அவர் என்னைத் திட்டியிருந்தால் என்று எத்தனையோ முறை நினைத்திருக்கிறேன். அதுவும் நியாயமில்லைதான். நான் செய்ய வேண்டியதை இன்னொருவர் திட்டிச் செய்ய வைக்க வேண்டும் என்று எதிர்பார்ப்பது.

இருபது நாள் முடிந்தது. அதற்குப் பிறகு ஒரு முறை மட்டும் போன் வந்தது. அதையும் எடுக்கவில்லை.

அடுத்த மாதம் நேர்காணலில் அக்காவின் முறையைப் பற்றித்தான் அதிகம் கேட்டார்கள். நான் நன்றாகப் பதில் சொன்னேன். ஒரு பெரியவர், "களத்தோடு உங்களுக்கு இருக்கிற நெருக்கம் தெரிகிறது" என்று ஆங்கிலத்தில் பாராட்டினார். வேலை நிரந்தரமானது. சொன்னபடியே பேராசிரியை பக்கத்தில் உட்கார்ந்து இதழுக்கு எழுத உதவினார். வரைபடம் மாற்றப்பட்டது. எல்லாப் புள்ளிகளும் தள்ளிப் போயின. அந்த வாரமே ஈஜிபுராவுக்குப் போனேன். ஷெட் இருந்த இடத்தில் இரண்டு ஸ்கூட்டர்கள் நின்றன. வீட்டில் வேறு குடும்பம். அக்காவின் எண்ணுக்கு அடித்தால் உபயோகத்தில் இல்லை என்று கன்னடத்தில் ஒரு குரல் வந்தது.

ஒன்றரை வருடம் போனது. நகரத்தின் எல்லையைத் தாண்டி, உரிமம் பெற்ற பேட்டரி மறுசுழற்சித் தொழிற்சாலைகள் வந்திருக்கின்றன. பசுமைத் துறையில் புதிதாக உருவான வேலைகள் எவ்வளவு, அவற்றுக்கு யார் வந்திருக்கிறார்கள் என்று கணக்கெடுக்கும் வேலை எங்களுக்கு வந்தது. படிவத்தை நான்தான் தயாரித்தேன். ஒரு தொழிற்சாலையில் பெண் தொழிலாளர்களைப் பேட்டி எடுக்கப் போனேன். சூப்பர்வைசர் ஒவ்வொருவராகக் கூப்பிட்டு அனுப்பினார். ஐந்தாவதாக வந்தவர் அக்கா.

நீல ஏப்ரன், தலையில் வலை, கையில் கையுறை. இளைத்திருந்தார். என்னைப் பார்த்ததும் ஒரு நொடி நின்றார். அப்புறம் எதிர் நாற்காலியில் உட்கார்ந்து, "கேளுங்க மேடம்," என்றார். சூப்பர்வைசர் பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்தார்.

பெயர், வயது, படிப்பு. தெரிந்தவற்றையே கேட்டு எழுதினேன். நான் எழுதுவதையே அவர் பார்த்துக்கொண்டிருந்தார். எட்டாவது கேள்வி: இந்த வேலைக்கு முன்னால் என்ன செய்துகொண்டிருந்தீர்கள்?

"சும்மாதான் இருந்தேன்."

நான் நிமிர்ந்தேன்.

"வீட்டு வேலை. சமையல், துணி. அவ்ளோதான் மேடம்."

"ஹவுஸ் வைஃப்னு போட்டுக்கோங்க மேடம்," என்றார் சூப்பர்வைசர், உதவியாக. போட்டுக்கொண்டேன். அடுத்த கேள்வி, இந்த வேலைக்கான திறமையை எங்கே கற்றுக்கொண்டீர்கள்? "இங்கதான். சார் சொல்லிக்கொடுத்தாரு," என்றார். சூப்பர்வைசருக்கு முப்பது வயதுகூட இருக்காது. தலையாட்டினார்.

டீ இடைவேளையில் கழிப்பறைப் பக்கம் போகிற வழியில் அவரைப் பிடித்தேன். ஒன்றரை வருடமாக மனதுக்குள் சொல்லிப் பார்த்ததெல்லாம் வரவில்லை. "அக்கா, அந்த மேப் என்னோட தப்பு. நான் புள்ளியைத் தள்ளி வெச்சிருக்கணும். வெக்கல. அதனாலதான் அவங்க வந்தாங்க. லெட்டரும் கொடுக்கல. பயந்துட்டேன்," என்றேன்.

"தெரியும்மா."

"எது தெரியும்?"

"நோட்டீஸ் வந்த அன்னிக்கே தெரியும். அவங்க போன்ல பார்த்ததும் நம்ம செவுத்துல இருந்ததும் ஒண்ணுதானே. நான் இன்னா கண்ணு தெரியாதவளா?"

"அப்புறம் ஏன்க்கா எனக்கே போன் பண்ணிக்கிட்டிருந்தீங்க?"

அவர் கையுறையை விரல் விரலாகக் கழற்றினார். "வேற யாரை எனக்குத் தெரியும்?" என்றார்.

கோபமாகச் சொல்லவில்லை. தெரிந்த ஒரு விவரத்தைச் சொல்வது போலச் சொன்னார். அப்புறம் என் மகளைப் பற்றிக் கேட்டார். பேசுகிறாளா என்றார். பேசுகிறாள், நிறையப் பேசுகிறாள் என்றேன். இங்கே எப்படி இருக்கிறது என்று கேட்டேன். "பரவால்ல. ஞாயித்துக்கிழமை லீவு. மாஸ்க் கொடுக்கிறாங்க. கை சுடறதில்ல." தொழிற்சாலையின் உள்பக்கம் திரும்பிப் பார்த்தார். "நல்ல செல்லும் மெஷினுக்குதாம்மா போவுது. எல்லாத்தையும் அரைச்சிட்றாங்க. மொதல்ல சொல்லிப் பார்த்தேன். நமக்கு எதுக்குன்னு வுட்டுட்டேன்."

பரவாயில்லை என்று அவர் சொன்னதைப் பிடித்துக்கொள்ள நினைத்தேன். லீவு, மாஸ்க், முறையான சம்பளம், தகரக் கூரையும் இல்லை. ஒருவேளை இது நல்லதற்குத்தானோ என்று ஒரு நினைப்பு ஓடியது. அப்படி முடிவு செய்யும் உரிமை எனக்கு இல்லை என்று அதைத் தள்ளினேன். தள்ளியும் அது பல நாள் திரும்பத் திரும்ப வந்தது.

"அந்த எட்டாவது பதிலை மாத்தி எழுதட்டுமா அக்கா?" என்றேன். "நீங்க என்ன வேலை செஞ்சீங்க, எத்தனை வருஷம் செஞ்சீங்க, எல்லாத்தையும் எழுதறேன். இந்தத் தடவை யாருக்கும் இடம் தெரியாது."

"வேணாம்மா," என்றார் உடனே. "பழைய கேஸ் இருக்குதுன்னு இங்க யாருக்கும் தெரியாது. தெரிஞ்சா இதுவும் போயிடும். நீ எழுதினதே இருக்கட்டும். எதுவும் மாத்தாதே." போகும்போது திரும்பி, "என்னைப் பத்தி எழுதாம இருக்கிறதுதான் நீ செய்யிற உதவி," என்றார். சொல்லிவிட்டு லேசாகச் சிரித்தார், நான் வருத்தப்படக் கூடாதே என்று. பெல் அடித்தது. கையுறையை மாட்டிக்கொண்டு உள்ளே போனார்.

அவர் கேட்டுக்கொண்டதை இப்போது மீறியிருக்கிறேனா என்று தெரியவில்லை. பெயரும் தெருவும் இல்லை, தொழிற்சாலை எந்தப் பக்கம் என்றும் எழுதவில்லை. அவரைக் கண்டுபிடிக்க உதவும் இரண்டு விவரங்களை மாற்றியிருக்கிறேன். ஆனாலும் இதை அச்சுக்குக் கொடுப்பதா என்று பல நாள் யோசித்தேன், இன்னும் யோசிக்கிறேன்.

படிவத்தை மாற்றவில்லை. அறிக்கை போன மாதம் வெளியானது. முன்பு எந்த வருமானமும் எந்தத் தொழில்திறனும் இல்லாமல் வீட்டில் இருந்து, பசுமைத் துறையில் முதல் முறையாக வேலை பெற்ற பெண்கள் என்று அதில் ஒரு பட்டியல் இருக்கிறது. அக்கா அதில் ஒருவர். அந்தப் பக்கத்தின் கீழே, தகவல்களைச் சரிபார்த்தவர் என்ற இடத்தில் என் கையெழுத்து இருக்கிறது.